மடக்குத் தூண்டில் செட், ரூ. 8,900: காசல்ரீ கெண்டைக்குத் தாங்குமா?

ஹட்டனில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு போனில் படிக்கிறவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பும் ரீலும் கொடுத்த காசுக்குப் பழுதில்லை. அதே பெட்டியில் வந்த தங்கூசியும் (தூண்டில் நைலோன் நூல்) முள்ளும் குப்பைக்குத்தான். பெரிய மீன் ஆசையில் இதை வாங்குகிறவர் இன்னும் இரண்டாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி தங்கூசிக்கு, மீதி முள்ளுக்கும் ஒரு கைவலைக்கும்.

எனக்கு நோர்வூட் பக்கத்துத் தேயிலை ஸ்டோர் ஒன்றில் இரவு ஷிப்ட். கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. விடிய இறங்கினால் உடனே தூக்கம் வராது, கீழே காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் தெரியும். கெண்டை இரை தேடுகிற நேரமும் அதுதான் என்பதால் ஸ்டோர் கேட்டில் இருந்து நேரே கரைக்குப் போகிற பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது வேறு கதை.

பெட்டியில் இருப்பது: 2.7 மீட்டர் மடக்குக் கம்பு, 3000 அளவு ஸ்பின்னிங் ரீல், அதில் ஏற்கெனவே சுற்றிய தங்கூசி, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் முள், ஈயம், மிதப்பு, சுவிவல், ரப்பர் மீன் குட்டிகள். கம்பெனிப் பெயர் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறு பக்கம் வேறு மாதிரியும் அச்சடித்திருக்கிறது, அதனால் பெயர் சொல்லிப் பயனில்லை. இதே செட்டை நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள். கறுப்புக் கம்பில் சிவப்புக் கோடு என்றால் இதுதான்.

கம்பின் மேல் "கார்பன்" என்று எழுதியிருக்கிறது. வளைத்துப் பார்த்தால் ஃபைபர் கிளாஸ் என்பது தெரிந்துவிடும். எனக்கு அதில் மனக்குறை இல்லை. ஃபைபர் கொஞ்சம் பாரம், ஆனால் பஸ் சீட்டுக்கு அடியில் உருண்டாலும் கல்லில் தட்டுப்பட்டாலும் தாங்கும். மடக்கினால் பிள்ளைகளின் ஸ்கூல் பேக்கிற்குள் போய்விடும். விரிக்கும்போது நுனிக் கணுவில் இருந்து தொடங்கி, வளையங்கள் ஒரே நேருக்கு வந்ததும் லேசாகத் திருகி இறுக்கினால் போதும். வேகமாக உதறி விரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்க ஸ்டைலாகத்தான் இருக்கும். பிறகு மடக்க முடியாமல் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பார்கள். கரை மண் கணுவுக்குள் போனாலும் இதே கதிதான். மடக்குவதற்கு முன் ஒரு பழந்துணியால் துடையுங்கள்.

கடையிலேயே பார்க்க வேண்டிய ஒன்று நுனி வளையம். அதற்குள் வெள்ளையாக ஒரு பீங்கான் வட்டம் இருக்கும். கொஞ்சம் பஞ்சை எடுத்து உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இழை மாட்டினால் அங்கே வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம், அந்த வெடிப்பு பெரிய மீன் ஓடும்போது தங்கூசியை அறுத்துவிடும். நான் பார்க்கும்போது முதலில் நீட்டிய கம்பில் பஞ்சு மாட்டியது. கடைப் பையன் முகம் கோணாமல் வேறு ஒன்று எடுத்துக் கொடுத்தான். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

ரீலின் மூடியில் "12+1 பேரிங்" என்று பெரிய எழுத்து. உள்ளே எத்தனை இருக்கிறதோ, சுற்றும்போது அரைக்கிற சத்தம் இல்லை, கைப்பிடி ஆடவில்லை, அது போதும். முக்கியம் முன்னால் இருக்கிற ட்ராக் திருகு. புதிதாகத் தூண்டில் பிடிக்கிறவர்கள் அதை முழுக்க இறுக்கி வைப்பதைத்தான் கரையில் தினமும் பார்க்கிறேன். மீன் தப்பக் கூடாது என்று இறுக்குகிறார்கள், அதனாலேயே தப்புகிறது. இறுக்கின ரீலில் மூன்று கிலோ கெண்டை ஒரு திருப்புத் திருப்பினால் தங்கூசியில் எது பலவீனமோ அது போய்விடும், பெரும்பாலும் முடிச்சு. ட்ராக் என்பது மீன் இழுத்தால் தங்கூசியை விட்டுக்கொடுக்கிற ஏற்பாடு. தங்கூசி தாங்குகிற பாரத்தில் கால் பங்கு, கூடினால் மூன்றில் ஒரு பங்கு இழுவைக்கு அது வழுக்க வேண்டும்.

அதை அளக்கத் தராசு தேவையில்லை. ரீலைக் கம்பில் மாட்டாமல் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு லீட்டர் சோடா போத்தலில் தண்ணீர் நிரப்பினால் இரண்டு கிலோ. அதன் கழுத்தில் தங்கூசியைக் கட்டித் தொங்க விட்டு, போத்தல் மெதுவாக, விட்டு விட்டு இல்லாமல் ஒரே சீராக இறங்குகிற அளவுக்குத் திருகை வையுங்கள். 0.35 மில்லிமீட்டர் தங்கூசிக்கு இது சரியான கணக்கு. இந்த ரீல் அதில் தேறியது. விலை குறைந்த ரீல்கள் கொஞ்ச நேரம் பிடித்துவைத்துப் பிறகு சட்டென்று விடும், அந்த உதறலில்தான் முள் கழன்றுவிடும். இதில் அந்த உதறல் இல்லை என்பதுதான் நான் இதை வைத்திருப்பதற்கு முழுக் காரணம். வேலை முடிந்ததும் திருகைத் தளர்த்தி வைத்தால் உள்ளே இருக்கிற வாஷர் தட்டையாகாது.

இனி குப்பைக்கு வருவோம். கூட வந்த தங்கூசி சுருள் சுருளாக ரீலை விட்டுக் குதிக்கிறது, நேராக நிற்பதே இல்லை. நனைத்து ஒரு முடிச்சுப் போட்டுக் கையால் இழுத்தாலே அறுந்தது. உருவி எடுத்து நெருப்பில் போடாமல் வெட்டிக் குப்பையில் போடுங்கள். கரையில் விட்டால் மாட்டுக் காலிலும் கொக்குக் காலிலும் சிக்கும். புதிதாக 0.30இல் இருந்து 0.35 வரை ஏதாவது நல்ல நைலோன் தங்கூசியை, ரீல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரும்வரை சுற்றுங்கள். குறைத்துச் சுற்றினால் தூரம் போகாது, வழிய வழியச் சுற்றினால் எறியும்போது மொத்தமும் சிக்காகி விழும். முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைப்பதை மறக்க வேண்டாம். காய்ந்த நைலோன் தன் சூட்டிலேயே வெந்து பலம் போய்விடும்.

முள்ளைப் பற்றி ஒரே வரி: டப்பாவில் இருந்த பெரிய முள்ளைக் குறட்டால் பிடித்து இழுத்ததும் நேராகிவிட்டது. முள் வாங்கும்போது நம்பர் கூடக் கூட அளவு சிறுக்கும் என்பது தெரிந்திருக்கட்டும். கெண்டைக்கு 4 அல்லது 6, தடித்த கம்பி. நுனியைப் பெருவிரல் நகத்தில் மெதுவாக இழுங்கள். வழுக்கினால் மொட்டை, கீறிக்கொண்டு நின்றால் நல்ல முள்.

இவ்வளவும் சாமான் பற்றி. ஆனால் பெரிய மீன் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இதே செட்டை ஐம்பதாயிரத்துக்கு வாங்கினாலும் உள்ளங்கை அளவு திலாப்பியாதான் வரும். எங்கள் லயத்துக்கு இரண்டு லயம் தள்ளி இருக்கிற மாமா ஒருவர், மூங்கில் கம்போடு வந்து உட்கார்ந்து என் பக்கம் பார்த்துக் கேட்டது ஞாபகம் இருக்கிறது.

"ஏன் தம்பி, அக்கரைக்கு எறியிறியே, அங்க இருக்கிறவன் எல்லாம் இங்க எறியிறான். மீன் நடுவுல நின்னு சிரிக்குமா?"

"பெரிய மீன் ஆழத்துலதானே மாமா இருக்கும்?"

"பகலெல்லாம் இருக்கும். விடிய சோத்துக்கு எங்க வரும்? கரைக்குத்தான் வரும். நீ சத்தம் போடாம இரு."

இந்த ஒன்றை வைத்தே மிச்சத்தைப் புரிந்துகொள்ளலாம். கெண்டை அடியில் மேய்கிற மீன். கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரி வாயால் சேற்றைக் கிளறி, உறிஞ்சி, வேண்டாததைத் துப்பும். சாப்பாடு கிடைப்பது ஓரத்தில், புல் முங்கின இடத்தில், ஓடை வந்து சேர்கிற வாயில். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் கரையில் இருந்து பத்து மீட்டருக்குள் வந்துவிடும். வெயில் ஏறினால், ஆள் நடமாட்டம் கூடினால், உள்ளே இறங்கிவிடும்.

காசல்ரீயில் இடம் தேட நல்ல காலம் மீன் பிடிக்கிற காலம் அல்ல. பெப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது கம்பை வீட்டில் வைத்துவிட்டு ஒரு நடை போய்வாருங்கள். 1965இல் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் இது. அதற்கு முன் அது பள்ளத்தாக்கு. தண்ணீர் இறங்கினால் பழைய மண்ரோட்டுத் தடமும், கல் வரிசையும், அடிமரக்கட்டைகளும், ஓடை அறுத்த பள்ளமும் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். போனில் போட்டோ எடுத்து, பின்னால் கரையில் நிற்கிற ஏதாவது ஒரு கருப்பன்தைல மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு அவ்வளவும் முங்கிவிடும், நீங்கள் மட்டும் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்து எறிவீர்கள். சமமான சேறு சட்டென்று ஆழமாகிற விளிம்பு, பழைய ஓடைப் பள்ளத்தின் உதடு, ரோட்டோரக் கல் வரிசை: பெரிய கெண்டை போகிற வழி இவை. கட்டைகளுக்கு நடுவில் மட்டும் எறியாதீர்கள். பக்கத்தில் எறிந்து அதை வெளியே வரவழைக்க வேண்டும், உள்ளே மாட்டினால் ஓடிப்போய்க் கட்டையைச் சுற்றிக்கொள்ளும்.

மஸ்கெலியாப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மவுஸ்ஸாக்கலை. 1969இல் அது நிரம்பியபோது பழைய மஸ்கெலியா டவுனே முங்கியது. வரட்சியில் பழைய கோவிலும் விகாரையும் வெளியே வரும்போது படம் எடுக்கக் கூட்டம் கூடும். கூட்டத்தோடு போய், கோவிலைப் படம் எடுத்த கையோடு சுற்றி இருக்கிற மேடு பள்ளத்தையும் மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முள் போடுவதா இல்லையா என்பது அவரவர் மனசு. நான் கோவில் பக்கம் போடுவதில்லை.

காற்றையும் பாருங்கள். ஒரே பக்கமாகக் காற்று அடித்தால் அலை போய் மோதுகிற கரையில் மண் கலங்கி, இரையும் அந்தப் பக்கம் ஒதுங்கும். முகத்தில் சாரல் அடிக்கும், உட்கார வசதி இருக்காது, ஆனால் மீன் அங்கேதான். நல்ல மழை பெய்து மறுநாள் ஓடைவாய் செம்மண் நிறமாக இருந்தால் அன்றைக்கு வேறு எங்கும் போக வேண்டாம். தெளிந்த தண்ணீரும் கலங்கின தண்ணீரும் சேர்கிற கோட்டில் மண்புழு போட்டால் போதும். டிசம்பர், ஜனவரி பனி விழுகிற விடியலில் மீனுக்கும் குளிர்தான், அப்போது பத்து மணிக்கு மேல் வெயில் படுகிற ஆழமில்லாத ஓரம் பலன் தரும்.

இரைக்குக் காசு செலவழிக்காதீர்கள். முதல் நாள் சாயந்தரமே தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தோடம்பழ அளவு உருண்டைகளாக நாலைந்து அதே இடத்தில் போட்டுவிட்டு வாருங்கள். விடிய இன்னும் இரண்டு. கூடப் போட்டால் மீன் அதிலேயே வயிறு நிறைந்து போய்விடும். முள்ளுக்கு டின் சோளம் இரண்டு மூன்று மணி, அல்லது அரை அவியலாக எடுத்த உருளைக்கிழங்குத் துண்டு. மண்புழுவும் பாண் உருண்டையும் நல்ல இரைதான், ஆனால் குட்டித் திலாப்பியாக் கூட்டம் பெரியது வருவதற்குள் கொத்தி முடித்துவிடும். சிறியதின் வாய்க்கு அடங்காத இரையைப் போடுவதுதான் பெரியதைத் தேர்ந்தெடுக்கிற வழி.

சோளத்தை முள்ளில் குத்தாமல், முள்ளின் அடியில் இருந்து ஒரு சின்ன நூலை அரை அங்குலம் நீட்டி, அதில் கோர்த்துத் தொங்க விடுகிற முறை ஒன்று இருக்கிறது. கெண்டை உறிஞ்சிப் பார்த்துத் துப்புகிற மீன் என்றேனே. இரை தனியாகவும் முள் மொட்டையாகவும் இருந்தால், துப்பும்போது முள் கீழ் உதட்டில் ஏறிவிடும். தையல் நூலால் பத்து நிமிடத்தில் கட்டலாம். பெட்டியில் வந்த ரப்பர் மீன் குட்டிகளால் இங்கே ஆகாத வேலையை இது செய்யும்.

எறிந்த பிறகு கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கவைகள் மலையில் எத்தனையோ கிடக்கும், இரண்டை நட்டு அதில் சாத்துங்கள். ஆனால் ட்ராக்கை நன்றாகத் தளர்த்தி வைக்காமல் சாத்தினால் கம்பு தண்ணீருக்குள் போகிற வேகத்துக்கு உங்களால் ஓட முடியாது. கரையில் இப்படி முழுச் செட்டையும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போனவர்கள் உண்டு.

மாட்டியதும் அவசரம் வேண்டாம். கம்பை வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் சாய்வாகப் பிடியுங்கள். மீன் ஓடும்போது ரீலைச் சுற்றாதீர்கள், தங்கூசி முறுக்கிக்கொள்ளும். நின்றதும் கம்பை மெதுவாக உயர்த்தி, தாழ்த்துகிற நேரத்தில் மட்டும் சுற்றுங்கள். கரையைக் கண்டதும் கெண்டை கடைசியாக ஒரு ஓட்டம் ஓடும், அதுவரை சும்மா வந்ததெல்லாம் நடிப்பு. அந்த ஓட்டத்தில்தான் இந்தக் கம்பை நம்பலாம் என்று எனக்குத் தெரிந்தது: அடிக்கணு வரை வளைந்து, ரீல் கரகரவென்று விட்டுக்கொடுத்து, நுனி வளையம் தண்ணீரைத் தொட்டும் ஒரு கணு கூட வழுக்கவில்லை. கைவலையைத் தண்ணீருக்குள் அசையாமல் வைத்து மீனை அதன் மேல் கொண்டுவாருங்கள். வலையோடு மீனைத் துரத்தினால் வாலில் ஒரு அடி வாங்குவீர்கள்.

அணைக்கட்டுப் பக்கமும் வான்கதவுக்குக் கீழேயும் போகவே வேண்டாம். தடை போட்ட இடம் என்பது ஒன்று. மேலே பெய்கிற மழை உங்களுக்குத் தெரியாது என்பது அதைவிடப் பெரியது. தலவாக்கலையில் 2012இல் வேலைக்கு வந்த மேல் கொத்மலை அளவில் சின்ன நீர்த்தேக்கம், மழைக்காலத்தில் சட்டென்று நிரம்பி வான்கதவு திறப்பார்கள். அதற்குக் கீழே ஆற்றுக் கல்லில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வந்தால் கம்பை மடக்கிப் பையில் வைத்துவிட்டுக் கரையை விட்டு ஏறிவிடுங்கள், கம்பு கார்பனோ ஃபைபரோ.

நுவரெலியாப் பக்கத்து நண்பர்கள் கிரகரி வாவிக்கு இது சரிவருமா என்று கேட்கிறார்கள். கெண்டைக்குச் சரிவரும், ஆனால் அங்கே எந்தக் கரையில் அனுமதி என்று முதலில் விசாரியுங்கள். வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்துவிட்ட டிரவுட் மீனுக்கு இந்தக் கம்பு மிகவும் முரடு. அதற்கு வேறு சாமான், வேறு பொறுமை. ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கே கம்பை எடுத்துக்கொண்டு போகிற யோசனையே வேண்டாம்.

பிடித்ததைச் சமைக்கிறவர்களுக்கு ஒரு சொல். பெரிய கெண்டையில் சேற்று வாடை இருக்கும், தோலுக்கு அடியில் இருக்கிற கருஞ்சதையை வெட்டி எடுத்து, கொறுக்காய்ப்புளியும் உப்பும் பிசறி அரை மணி வைத்துக் கழுவினால் போய்விடும். கவை முள் அதிகம், பிள்ளைகளுக்கு வால் பக்கத்தைக் கொடுக்காதீர்கள். வயிறு நிறையச் சினையோடு வருகிறதை நான் திருப்பி விட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமையும் போயாவிலும் எங்கள் வீட்டில் மீன் அடுப்பில் ஏறாது, அந்த நாட்களில் வந்தது எல்லாமே திரும்பப் போகிறதுதான்.

விற்பனைக்குப் பின்னான சேவை என்று ஒன்று இல்லை. ரீல் கைப்பிடியின் திருகு தொலைந்துபோனதும் வாங்கிய கடையில் கேட்டேன். உதிரி வராது, புது ரீல் எடுங்க அண்ணே என்றார்கள். கடைசியில் டவுனில் சைக்கிள் திருத்துகிற ஒருவர் பழைய பிரேக் திருகு ஒன்றைத் தேய்த்துப் பொருத்திக் கொடுத்தார், நூறு ரூபாய். அதனால் வாங்குகிற அன்றே கைப்பிடித் திருகை ஒருமுறை இறுக்கிவிடுங்கள். கறிக்குத் திலாப்பியா நாலு கிடைத்தால் போதும் என்கிறவர் 8,900 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாமாவின் மூங்கில் கம்புக்கு மூன்று மீட்டர் தங்கூசியும் 10 நம்பர் முள்ளும் வாங்கிக்கொள்ளலாம்.